அமெரிக்காவுல ஃபெடரல் ஜட்ஜ் ஆகுறது எப்படி? பரீட்சை கிடையாது, ப்ரமோஷன் கிடையாது, ரிட்டயர்மென்ட்டும் கிடையாது

அமெரிக்காவுல எங்கயோ ஒரு கோர்ட்டு ட்ரம்ப் போட்ட ஆர்டரை நிறுத்தி வச்சிடுச்சுனு நியூஸ் வந்தா போதும், நம்ம ஆளுங்க மூணு விதமா பேச ஆரம்பிச்சிடுவாங்க. "அந்த ஜட்ஜைத் தூக்கி வேற ஊருக்கு அடிச்சிட வேண்டியதுதானே"னு ஒருத்தர். "அங்கெல்லாம் ஜட்ஜே எலெக்ஷன்ல நின்னு ஜெயிச்சு வர்றவங்கதாம்ப்பா"னு இன்னொருத்தர். "கீழ்க்கோர்ட்டு ஜட்ஜ்தானே, சர்வீஸ் ஏற ஏற ஒருநாள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிடுவார்"னு மூணாவது ஆள். மூணுமே தப்பு. யூட்யூப்ல அரசியல் பேசுறவங்களே இதைப் போட்டுக் குழப்புறாங்க, அதனால கேக்குறவங்களைக் குத்தம் சொல்ல முடியாது.

நமக்குத் தெரிஞ்ச படம் வேற. சிவில் ஜட்ஜ் பரீட்சை எழுதி உள்ள போவாங்க, மாவட்ட நீதிபதி ஆவாங்க, அதுல சில பேர் ஹைகோர்ட் வரைக்கும் வருவாங்க, நடுவுல டிரான்ஸ்ஃபர் வரும், ஹைகோர்ட்னா 62 வயசுல, சுப்ரீம் கோர்ட்னா 65 வயசுல மாலையப் போட்டு அனுப்பி வச்சிடுவாங்க. இந்தப் படத்தை அப்படியே தூக்கிட்டுப் போய் அமெரிக்காவுல மாட்டினா எதுவுமே பொருந்தாது. அங்க பரீட்சை இல்ல, டிரான்ஸ்ஃபர் இல்ல, வயசு ஆயிடுச்சு கிளம்புங்கனு சொல்ல ஆள் இல்ல, முக்கியமா சர்வீஸ் பாத்து மேல ஏத்துற பழக்கமே இல்ல.

அதனால உத்தியோகம்னு நினைக்காம வீட்ல வரன் பாக்குற மாதிரி நினைச்சுக்கோங்க. பையன் படிச்சிருக்கணும், நல்ல பேர் இருக்கணும், அது வரைக்கும் அவன் கையில. அதுக்கு மேல யாராவது ஒருத்தர் போய் "அந்தப் பையன் இருக்கானே"னு பேச்சை எடுக்கணும், ரெண்டு பக்கப் பெரியவங்களும் தலையாட்டணும், அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க, நேரமும் கூடி வரணும். பத்துப் பொருத்தமும் இருந்தும் தட்டிப்போன சம்பந்தம் எத்தனை பாத்திருக்கோம். ஃபெடரல் ஜட்ஜ் பதவியும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

## யாரு ஃபெடரல் ஜட்ஜ், யாரு இல்ல

அமெரிக்காவுல ரெண்டு கோர்ட் சிஸ்டம் பக்கத்துப் பக்கத்துல ஓடுது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியா கோர்ட்டுகள் இருக்கு, கொலை, திருட்டு, டைவர்ஸ், வாடகைத் தகராறு, ட்ராஃபிக் டிக்கெட்னு ஜனங்க கோர்ட்டுப் படி ஏறுற விஷயம் பெரும்பாலும் அங்கதான் முடியும். அந்த மாநில ஜட்ஜுகள்ல நிறைய பேர் நிஜமாவே எலெக்ஷன்ல நிக்கிறவங்க, டெக்சாஸ்ல எல்லாம் கட்சிப் பேரோடயே போட்டி போடுவாங்க, ரோட்டோரம் போர்டு நட்டு ஓட்டு கேப்பாங்க. "அங்க ஜட்ஜுக்கு எலெக்ஷன்"ங்குற பேச்சு இங்கேர்ந்துதான் கிளம்புது.

ஃபெடரல் கோர்ட்டு வேற. மத்திய அரசோட சட்டம், அரசியலமைப்பு, பேட்டன்ட், திவால், ஒரு மாநிலத்துக்காரர் இன்னொரு மாநிலத்துக்காரர் மேல 75,000 டாலருக்கு மேல கேட்டுப் போடுற வழக்கு, இந்த மாதிரி விஷயங்களுக்கு மட்டும். அதுல மூணு தட்டு இருக்கு. கீழ டிஸ்ட்ரிக்ட் கோர்ட், நாடு முழுக்க 94, சாட்சி விசாரணை, ஜூரி எல்லாம் நடக்குற இடம் இதான். நடுவுல சர்க்யூட் கோர்ட்னு சொல்ற அப்பீல் கோர்ட், மொத்தம் 13, இங்க சாட்சி கிடையாது, வழக்கமா மூணு ஜட்ஜ் உக்காந்து கீழ்க்கோர்ட்டு சட்டப்படி சரியா பண்ணுச்சானு மட்டும் பாப்பாங்க. மேல சுப்ரீம் கோர்ட், 9 பேர்.

இந்த மூணு தட்டுலயும் இருக்குறவங்களை ஆர்ட்டிக்கிள் த்ரீ ஜட்ஜ்னு சொல்வாங்க, அரசியலமைப்போட மூணாவது ஷரத்துல இவங்க பதவி வர்றதால அந்தப் பேரு. நாடு மொத்தத்துக்கும் ஏறக்குறைய 870 பதவிதான். பதவி ஆயுசுக்கும், சம்பளத்தைக் குறைக்க முடியாது, இந்த ரெண்டு பாதுகாப்பும் இவங்களுக்கு மட்டும்தான். ஏன்னா அதே ஃபெடரல் கட்டடத்துல வேற ஜட்ஜுகளும் உக்காந்திருப்பாங்க: மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ்னு ஒருத்தர், டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுகளே சேந்து 8 வருஷத்துக்கு நியமிக்கிற ஆள். திவால் கேஸ் பாக்குற ஜட்ஜ் இன்னொருத்தர், 14 வருஷத்துக்கு அப்பீல் கோர்ட்டு நியமிக்கும்.

நம்ம ஆளுங்க அதிகமா ஏமாறுற இடம் இமிக்ரேஷன் ஜட்ஜ். கறுப்பு கவுன் போட்டிருப்பார், உள்ள வந்தா எழுந்து நிக்கணும், நாடு கடத்துறதா வேண்டாமானு முடிவும் அவர்தான் சொல்வார், ஆனா அவர் நீதித்துறை அமைச்சகத்தோட ஊழியர், அட்டர்னி ஜெனரல் நியமிச்ச ஆள். அவரை வேலைய விட்டுத் தூக்கலாம், 2025ல நிறைய பேரைத் தூக்கவும் செஞ்சாங்க. "ஃபெடரல் ஜட்ஜையே ட்ரம்ப் டிஸ்மிஸ் பண்ணிட்டார்"னு தலைப்பு பாத்தா பெரும்பாலும் அது இவங்களைப் பத்தினதா இருக்கும்.

இது வரைக்கும் சொன்னதுல ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கோங்க. மாநில ஜட்ஜ் ஓட்டு வாங்கி வரலாம், ஃபெடரல் ஜட்ஜ் அப்படி வர முடியாது. இனிமே இந்தக் கட்டுரையில ஃபெடரல் ஜட்ஜ்னு சொன்னா ஆர்ட்டிக்கிள் த்ரீ ஆளைத்தான் சொல்றேன்.

## தகுதினு சட்டத்துல என்ன எழுதியிருக்கு?

ஒண்ணுமே எழுதல. பிரசிடென்ட் ஆக 35 வயசு வேணும், செனட்டர் (அவங்க நாடாளுமன்ற மேல்சபை உறுப்பினர்) ஆக 30 வயசு வேணும்னு எழுதி வச்சவங்க ஜட்ஜுக்கு வயசு, படிப்பு, வக்கீல் அனுபவம்னு எதையும் எழுதாம விட்டுட்டாங்க. லா டிகிரி வாங்காதவங்க சுப்ரீம் கோர்ட்ல இருந்திருக்காங்க, 1941ல வந்த ராபர்ட் ஜாக்சன் அப்படித்தான், லா ஸ்கூல்ல ஒரு வருஷம் மட்டும் உக்காந்துட்டு மிச்சத்தை ஒரு வக்கீல் ஆபீஸ்ல கத்துக்கிட்டவர்.

இன்னிக்கு அந்தக் கதை நடக்காது. எழுதாத விதிகள் எழுதின விதியை விடக் கெடுபிடியா இருக்கு. இப்ப இருக்குற ஒன்பது பேர்ல எட்டு பேர் ஹார்வர்ட் இல்லேன்னா யேல் லா ஸ்கூல், ஏமி கோனி பாரெட் ஒருத்தர்தான் நோட்டர் டேம். கீழ்த்தட்டுல இவ்வளவு மோசமில்ல, டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல அந்தந்த மாநில யுனிவர்சிட்டில படிச்சவங்க தாராளமா இருக்காங்க, உள்ளூர்ல பேர் எடுத்திருந்தா போதும்.

## முதல் இருபது வருஷம்

அங்க லா படிப்புங்குறது ஏதோ ஒரு டிகிரி முடிச்சதுக்கு அப்புறம் மூணு வருஷம். அப்புறம் வக்கீலாப் பதிவு பண்ண பார் எக்ஸாம். இது வரைக்கும் எல்லா வக்கீலுக்கும் ஒரே ரூட்டு.

பிரியிற இடம் அதுக்கு அடுத்தது, கிளர்க்‌ஷிப். லா ஸ்கூல்ல முன்னணியில வந்த பசங்க ஒரு ஜட்ஜ்கிட்ட ஒரு வருஷம், சில சமயம் ரெண்டு வருஷம், உதவியாளரா சேருவாங்க, அவங்களுக்கு லா கிளர்க்னு பேரு. கேஸ் கட்டைப் படிச்சு ஜட்ஜுக்குக் குறிப்பு எழுதுறது, முன்தீர்ப்புகளைத் தோண்டி எடுக்குறது, தீர்ப்போட முதல் டிராஃப்ட் போடுறது, "சார் இந்த இடம் இடிக்குது"னு ஜட்ஜ்கிட்டயே வாதாடுறது, எல்லாம் இருபத்தஞ்சு இருபத்தாறு வயசுப் பசங்க பண்றாங்க. வெளிய கம்மியாத் தெரிஞ்ச வேலை இது, ஆனா அமெரிக்க நீதித்துறையோட உள்வாசல் இதான்னு அடிச்சுச் சொல்வேன். இப்ப இருக்குற ஒன்பது சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுகள்ல ஆறு பேர் அதே சுப்ரீம் கோர்ட்ல லா கிளர்க்கா இருந்தவங்க. ப்ரெட் கவனா, தான் கிளர்க்கா வேலை பாத்த ஜட்ஜ் அந்தோணி கென்னடியோட சீட்டுலயே வந்து உக்காந்தார், கெடான்ஜி ப்ரவுன் ஜாக்சனும் அப்படித்தான், ப்ரேயர்கிட்ட கிளர்க்கா இருந்து ப்ரேயரோட இடத்துக்கே வந்தாங்க. சுப்ரீம் கோர்ட் கிளர்க் வேலை முடிச்சு வெளிய வர்ற பசங்களைக் கொத்திட்டுப் போகப் பெரிய வக்கீல் கம்பெனிகள் சம்பளம் போக, சேர்ப்பு போனஸா மட்டுமே லட்சக்கணக்கான டாலர் கொடுக்குது.

கிளர்க்‌ஷிப் முடிஞ்சா பல வழி இருக்கு. ஃபெடரல் அரசு வக்கீலா கிரிமினல் கேஸ் நடத்துறவங்க, பெரிய வக்கீல் கம்பெனில பார்ட்னர் ஆகுறவங்க, லா புரொஃபசர், மாநில ஜட்ஜ், மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ்னு போகும். ரொம்ப நாளா அரசு வக்கீலா இருந்தவங்களும் கம்பெனி வக்கீல்களும்தான் அதிகமா ஜட்ஜ் ஆகிட்டு இருந்தாங்க, காசில்லாத குற்றவாளிக்கு அரசு செலவுல வாதாடுற பப்ளிக் டிஃபெண்டர்கள் இருந்த இடம் தெரியாது. ஜாக்சன் அந்த வேலை பாத்தவங்க, பப்ளிக் டிஃபெண்டரா இருந்து சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த முதல் ஆள் அவங்கதான், அதுவும் 2022ல.

இதுக்கெல்லாம் பதினஞ்சு இருபது வருஷம் ஓடிடும். ஜட்ஜ் ஆகும்போது பொதுவா ஐம்பதை ஒட்டின வயசு. ஆனா ஆயுசுக்கும் பதவினா இளசா ஒரு ஆளைப் போட்டாத்தான் நமக்கு லாபம்ங்குற கணக்கு ரெண்டு கட்சிக்கும் நல்லாத் தெரியும், அதனால வயசு இறங்கிட்டே வருது. 2020ல ஃப்ளோரிடால டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் ஆன காத்ரின் மிசெல்லுக்கு அப்ப வயசு 33. அனுபவம் பத்தாதுனு அமெரிக்க வக்கீல் சங்கம் "தகுதி இல்ல"னு ரேட்டிங் கொடுத்துச்சு, செனட் அதைக் கண்டுக்கல. 2022ல விமானத்துல மாஸ்க் கட்டாயம்ங்குற விதியை நாடு முழுக்கத் தூக்கிப் போட்டது இவங்க தீர்ப்புதான்.

## பேச்சை யார் எடுக்கணும்?

இங்கதான் வரன் கதை ஆரம்பிக்குது. இதுக்கு விளம்பரம் போட்டு ஆள் எடுக்குறது கிடையாது. முதல்ல ஒரு இடம் காலியாகணும், ஒரு ஜட்ஜ் சாகணும், விலகணும், இல்ல வேலையைக் குறைச்சுக்கணும். உங்க கட்சிக்குத் தோதான பிரசிடென்ட் வெள்ளை மாளிகையில இருக்கணும். அதே நேரத்துல செனட்டும் ஒத்து வரணும். மூணும் ஒண்ணு சேராமலே ரிட்டயர் ஆகிப்போன கெட்டிக்கார வக்கீல்கள் எக்கச்சக்கம்.

சட்டப்படி பிரசிடென்ட் பேரைச் சொல்வார், அதுக்கு நாமினேஷன்னு பேரு, செனட் ஒப்புக்கணும். நடைமுறையில டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் பேரைப் பிரசிடென்ட் யோசிக்கிறதே அபூர்வம், அந்த மாநிலத்தோட ரெண்டு செனட்டர்களும்தான் பேரைக் கொண்டு வருவாங்க. சில மாநிலத்துல செனட்டர்கள் உள்ளூர் வக்கீல்களை வச்சுக் கமிட்டி போட்டு, விண்ணப்பம் வாங்கி, இன்டர்வியூ பண்ணி, மூணு நாலு பேரை வடிகட்டி அனுப்புவாங்க.

அந்த செனட்டர்கள் கையில ஒரு துருப்புச் சீட்டு இருக்கு, ப்ளூ ஸ்லிப். பேர் வந்ததும் செனட் நீதித்துறைக் கமிட்டி அந்த மாநில செனட்டர் ரெண்டு பேருக்கும் ஒரு நீலத்தாள் அனுப்பும், அவங்க கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பலேன்னா அந்தப் பேர் அங்கயே நின்னுடும். கல்யாணத்துல தாய்மாமன் முறுக்கிக்கிட்டா எப்படியோ அப்படி, எந்தச் சட்டத்துலயும் இல்ல, ஆனா அவர் இல்லாம ஒண்ணும் நகராது. 2018 வாக்குல சர்க்யூட் கோர்ட் பதவிகளுக்கு இந்த மரியாதையை விட்டுட்டாங்க, டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கு இன்னும் இருக்கு. 2025ல ட்ரம்ப்பே இதைத் தூக்குங்கனு வெளிப்படையாக் கேட்டுப் பாத்தார், கமிட்டித் தலைவர் சக் கிராஸ்லி அவர் கட்சிக்காரர்தான், இருந்தும் மசியல. செனட்டருங்க தங்களோட மாமன் மரியாதையை அவ்வளவு லேசுல விட்டுக் கொடுக்க மாட்டாங்க.

இன்னொண்ணும் இங்கயே சொல்லிடுறேன். நியூஸ்ல "ஒபாமா போட்ட ஜட்ஜ்", "புஷ் போட்ட ஜட்ஜ்"னு ஒட்டுறாங்களே ஒரு லேபிள், அதை அப்படியே நம்பாதீங்க. இப்ப சுப்ரீம் கோர்ட்ல இருக்குற சோனியா சோட்டோமேயரை 1991ல முதல்முதலா ஃபெடரல் ஜட்ஜா நாமினேட் பண்ணது ரிபப்ளிகன் பிரசிடென்ட் சீனியர் புஷ். சிபாரிசு பண்ணது நியூயார்க்கோட டெமாக்ரட் செனட்டர் மொய்னிஹன். அதே மாதிரி 2025ல ட்ரம்ப் திட்டித் தீர்த்த ஜேம்ஸ் போஸ்பெர்க் "ஒபாமா ஜட்ஜ்"தான், 2011ல 96-0னு ஒருத்தர் கூட எதிர்க்காம வந்தவர், ஆனா அவரை 2002ல வாஷிங்டன் உள்ளூர் கோர்ட்டுல முதல்ல ஜட்ஜ் நாற்காலில உக்கார வச்சது ஜூனியர் புஷ்.

## நோண்டி எடுக்குற படலம்

பேர் முடிவானதும் எஃப்பிஐ ஆளுங்க கிளம்பிடுவாங்க. பழைய பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பாத்தவர், எதிர்த்து வாதாடின வக்கீல்னு எல்லார்கிட்டயும் விசாரிப்பாங்க. கமிட்டி ஒரு நீளமான கேள்விப் பட்டியல் கொடுக்கும், வாழ்க்கையில எழுதின கட்டுரை, பேசின மேடை, நடத்தின முக்கியமான கேஸ், சொத்து, கடன் எல்லாத்தையும் அதுல கொட்டணும், காலேஜ் பத்திரிகையில எழுதினதைக் கூட விடமாட்டாங்க. அமெரிக்க வக்கீல் சங்கம் மேல சொன்ன ரேட்டிங்கைக் கொடுக்கும், அதுக்கு மதிப்பு உண்டு, அதிகாரம் கிடையாது.

அடுத்தது ஹியரிங், அதாவது கமிட்டி முன்னாடி உக்காந்து கேள்விக்குப் பதில் சொல்றது. பெரும்பாலும் கொட்டாவி வர்ற சமாச்சாரம். டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் ஆகப்போறவங்க நாலஞ்சு பேரை ஒரே மேஜையில வரிசையா உக்கார வச்சு, குடும்பத்தை அறிமுகப்படுத்தச் சொல்லி, சுத்தி வளைச்சு நாலு கேள்வி கேட்டு அனுப்பிடுவாங்க. எப்பவாவதுதான் பொறி பறக்கும். 2017 டிசம்பர்ல பறந்துச்சு.

லூசியானா செனட்டர் ஜான் கென்னடி, ட்ரம்ப்போட கட்சிதான், மேஜையில இருந்த அஞ்சு பேரையும் பாத்து, கோர்ட்ல நின்னு ஒரு விசாரணையைக் கூடத் தீர்ப்பு வரைக்கும் நடத்தாதவங்க யாருனு கேட்டார். மாத்யூ பீட்டர்சன் மட்டும் கையைத் தூக்கினார். தேர்தல் நிதிக் கமிஷன்ல வருஷக்கணக்கா உறுப்பினரா இருந்தவர், வாஷிங்டன் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்கு வந்த ட்ரம்ப்போட நாமினி. கென்னடி குரலை உசத்தவே இல்ல, ஒண்ணொண்ணாக் கேட்டார். ஜூரி விசாரணை நடத்தியிருக்கீங்களா, இல்ல. சிவில், இல்ல. கிரிமினல், இல்ல. ஜட்ஜ் மட்டும் உக்காந்து கேக்குற விசாரணை, அதுவும் இல்ல. சரி, மோஷன் இன் லிமினேன்னா என்னனு சொல்லுங்கனு கேட்டார். ஜூரி காதுல இந்த விஷயம் விழக்கூடாதுனு விசாரணைக்கு முன்னாடியே ஜட்ஜ்கிட்ட கேட்டுக்குற மனு அது, டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல அன்றாடம் புழங்குற சமாச்சாரம், ஜூனியர் வக்கீலுக்கே அத்துப்படி. பீட்டர்சனால சரியா விளக்க முடியல. அந்த வீடியோ நாடு முழுக்கச் சுத்துச்சு, சில நாள்லயே அவர் பேரை வாபஸ் வாங்கிட்டார். ஆள் முட்டாள் கிடையாது, வேற துறையில கெட்டிக்காரர், ஆனா தினமும் விசாரணை நடத்துற நாற்காலிக்குப் போற ஆளுக்கு விசாரணையே தெரியலேன்னா எப்படி?

கமிட்டி தாண்டினா நூறு செனட்டர்களோட ஓட்டு. முன்னாடி எல்லாம் விவாதத்தை முடிச்சு ஓட்டுக்கு விடவே 60 பேர் வேணும், அதனால எதிர்க்கட்சில சில பேரையாவது தாஜா பண்ணியாகணும், ரொம்பத் தீவிரமான ஆளைக் கொண்டு வர முடியாது. 2013 நவம்பர்ல டெமாக்ரட்டுகள் கீழ் ரெண்டு தட்டுக்கும் அந்த விதியை உடைச்சாங்க, 2017 ஏப்ரல்ல ரிபப்ளிகன்கள் சுப்ரீம் கோர்ட்டுக்கும் உடைச்சாங்க. இப்ப சாதாரணப் பெரும்பான்மை போதும். 2018ல ஜோனதன் கோப்ஸ்ங்குற சர்க்யூட் ஜட்ஜுக்கு 50-50னு வந்து நின்னு, வைஸ் பிரசிடென்ட் பென்ஸ் வந்து ஓட்டுப் போட்டு ஜெயிக்க வச்சார். என்னைக் கேட்டா கட்சிச் சாயம் இவ்வளவு ஏறினதுக்கு இந்த விதி உடைஞ்சதுதான் பெரிய காரணம்.

செனட் ஓட்டே எடுக்காமலும் விடலாம். 2016ல மெரிக் கார்லண்டை ஒபாமா சுப்ரீம் கோர்ட்டுக்கு நாமினேட் பண்ணார், ரிபப்ளிகன் செனட் ஹியரிங் கூட வைக்கல, 2017 ஜனவரியில அந்த நாமினேஷன் தானாச் செத்துப்போச்சு. கார்லண்ட் மறுபடியும் தன்னோட பழைய அப்பீல் கோர்ட் வேலையைப் பாக்கப் போயிட்டார்.

சுருக்கிச் சொன்னா, செனட்டர் சிபாரிசு, பிரசிடென்ட் நாமினேஷன், எஃப்பிஐ விசாரிப்பு, கமிட்டி ஹியரிங், செனட் ஓட்டு. அப்புறம் பிரசிடென்ட் நியமனப் பத்திரத்துல கையெழுத்துப் போடுவார், அதோட அவர் கை விட்டுப் போச்சு. ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே மாதிரி நியாயம் பண்ணுவேன்னு ஜட்ஜ் ஒரு உறுதிமொழி எடுப்பார், 1789ல எழுதின வாசகம் அது. 2025 கணக்குப்படி டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுக்கு வருஷம் 2,47,400 டாலர், சர்க்யூட் ஜட்ஜுக்கு 2,62,300. கேக்கப் பெருசாத்தான் இருக்கு, ஆனா நியூயார்க்ல பெரிய கம்பெனில முதல் வருஷம் சேர்ற சின்னப்பையன் 2,25,000 வாங்குறான். காசுக்காக யாரும் இதுக்கு வர்றதில்ல.

## மேல போறது ப்ரமோஷன் இல்ல, புதுக் கல்யாணம்

பத்து வருஷம் நல்லா வேலை பாத்த டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுக்குச் சர்க்யூட் கோர்ட்ல தானா இடம் கிடைக்காது. மேல போகணும்னா புதுசா நாமினேஷன், புதுசா எஃப்பிஐ, புதுசா ஹியரிங், புதுசா ஓட்டு, முதல்லேர்ந்து எல்லாம். சோட்டோமேயர் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜா இருந்தப்ப 1995ல ஒரே உத்தரவுல பேஸ்பால் ஸ்ட்ரைக்கை முடிவுக்குக் கொண்டு வந்தவங்க, நாடே பேர் தெரிஞ்சு வச்சிருந்துச்சு. அவங்களையே க்ளின்டன் 1997ல சர்க்யூட் கோர்ட்டுக்கு நாமினேட் பண்ணி, செனட் ஒரு வருஷத்துக்கு மேல கிடப்புல போட்டு, 1998 அக்டோபர்லதான் 67-29னு ஓட்டு நடந்துச்சு. 2009ல சுப்ரீம் கோர்ட்டுக்கு மறுபடியும் முழுச் சடங்கு.

பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜுகள் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜாவேதான் இருப்பாங்க, அதை யாரும் தோல்வியாப் பாக்குறதும் இல்ல. சுப்ரீம் கோர்ட்ல இப்ப இருக்குற ஒன்பது பேர்ல டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜா இருந்தவங்க சோட்டோமேயரும் ஜாக்சனும் மட்டும்தான். எலெனா கேகன் எந்தக் கோர்ட்டுலயும் ஜட்ஜா இருந்ததே கிடையாது, நேரா மேல வந்து உக்காந்தாங்க. க்ளின்டன் அவங்களை 1999ல அப்பீல் கோர்ட்டுக்கு நாமினேட் பண்ணப்ப ஹியரிங்கே கிடைக்கல, அப்புறம் ஹார்வர்ட் லா ஸ்கூல் டீன், சுப்ரீம் கோர்ட்ல மத்திய அரசுக்காக வாதாடுற சொலிசிட்டர் ஜெனரல்னு போய் 2010ல வந்தாங்க. கீழ் சம்பந்தம் தட்டினது மேல் சம்பந்தத்துக்குத் தடையா இல்ல.

நமக்குப் பக்கத்துல ஒரு ஆளை எடுத்துக்குவோம், ஸ்ரீ ஸ்ரீநிவாசன். அப்பா திருநெல்வேலி பக்கத்து ஊர்க்காரர், கணக்குப் புரொஃபசர். பையன் சண்டிகர்ல பிறந்து, கான்சாஸ் மாநிலத்துல லாரன்ஸ்ங்குற ஊர்ல வளர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டுல சட்டமும் எம்பிஏவும், ஒரு அப்பீல் கோர்ட் ஜட்ஜ்கிட்ட கிளர்க், அப்புறம் சுப்ரீம் கோர்ட்ல சாண்ட்ரா டே ஓ'கானர்கிட்ட கிளர்க், பெரிய வக்கீல் கம்பெனி, அரசுத் தரப்புல சொலிசிட்டர் ஜெனரல் ஆபீஸ்ல பெரிய பதவி. டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல ஜட்ஜா ஒருநாள் கூட உக்காரல. ஒபாமா 2012ல வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டுக்கு நாமினேட் பண்ணார், அந்த செனட் காலம் முடிஞ்சு பேர் திரும்பி வந்துச்சு, 2013ல மறுபடியும் அனுப்பினார், மே மாசம் 97-0. பகவத் கீதை மேல கை வச்சு உறுதிமொழி எடுத்தார். 2016ல சுப்ரீம் கோர்ட்டுக்கு அவர் பேரும் பலமா அடிபட்டுச்சு, இடம் கார்லண்டுக்குப் போச்சு, அது என்ன ஆச்சுனு மேல பாத்தோம். தகுதில யாரும் குறை சொல்லல, நேரம் கூடல, அவ்வளவுதான்.

2020ல ஸ்ரீநிவாசன் அந்தக் கோர்ட்டுக்குச் சீஃப் ஜட்ஜ் ஆனதை நம்ம சேனல்கள் "அமெரிக்காவில் தமிழருக்குப் பதவி உயர்வு"ங்குற ரேஞ்சுல கொண்டாடுச்சு. கீழ் ரெண்டு தட்டுல சீஃப் ஜட்ஜ் பதவியை யாரும் கொடுக்குறதில்ல, அந்தக் கோர்ட்ல 65 வயசு ஆகாதவங்கள்ல யார் சீனியரோ அவங்களுக்குத் தானா வரும், 7 வருஷம் நிர்வாகம் பாத்துட்டு அடுத்தவங்ககிட்ட விட்டுடணும். தீர்ப்புல அவர் ஓட்டுக்குக் கூடுதல் கனம் எதுவும் இல்ல. சுப்ரீம் கோர்ட்ல மட்டும்தான் சீஃப் ஜஸ்டிஸ் பதவிக்கே தனியா நாமினேஷன், தனி ஓட்டு.

## கிளம்புறது எப்போ?

கிளம்பவே வேண்டாம். கான்சாஸ்ல வெஸ்லி பிரவுன்னு ஒரு டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ், 1962ல பிரசிடென்ட் கென்னடி நியமிச்சவர், 2012 ஜனவரியில 104 வயசுல இறக்குற வரைக்கும் ஜட்ஜாவே இருந்தார், கடைசி காலத்துல மூக்குல ஆக்சிஜன் குழாயோட கேஸ் கேட்டார். "சாகுற வரைக்கும், இல்ல நன்னடத்தை இருக்குற வரைக்கும், எது முதல்ல போகுதோ அது வரைக்கும் இந்தப் பதவி"னு அவரே கிண்டல் அடிப்பார். நன்னடத்தை இருக்குற வரைக்கும்ங்குறது அரசியலமைப்புல இருக்குற வார்த்தை.

பெரும்பாலானவங்க நடுவுல ஒரு வழி எடுக்குறாங்க, அதுக்கு சீனியர் ஸ்டேட்டஸ்னு பேரு. 65 வயசாகி, வயசும் சர்வீஸும் கூட்டினா 80 வந்தா (65 வயசு, 15 வருஷம் சர்வீஸ், இப்படி) முழுச் சம்பளத்தோட வேலையைக் குறைச்சுக்கலாம், ஜட்ஜாவே தொடரலாம், ஆனா அவர் இடம் காலினு கணக்காகி பிரசிடென்ட் புது ஆளை நாமினேட் பண்ணலாம். இந்தத் தேதியை ஜட்ஜே முடிவு பண்றதாலதான் அரசியல் நுழையுது. தனக்குப் பிடிச்ச கட்சி பிரசிடென்ட் வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்குறவங்க உண்டு. ஜேம்ஸ் வின்னுங்குற அப்பீல் கோர்ட் ஜட்ஜ் சீனியர் ஸ்டேட்டஸுக்குப் போறேன்னு எழுதிக் கொடுத்துட்டு, 2024 தேர்தல்ல ட்ரம்ப் ஜெயிச்சதும் போகலனு திரும்ப எழுதிக் கொடுத்தார். ரிபப்ளிகன்கள் கொதிச்சாங்க, ஒண்ணும் பண்ண முடியல.

வயசானவர் போகமாட்டேன்னு அடம் பிடிச்சா கூட இருக்குற ஜட்ஜுகள் கேஸ் கொடுக்குறதை நிறுத்தி வைக்கலாம். 1927ல பிறந்த பாலின் நியூமன்ங்குற அப்பீல் கோர்ட் ஜட்ஜுக்கு 2023லேர்ந்து புதுக் கேஸ் கிடையாது, அவங்க அதை எதிர்த்து வழக்குப் போட்டாங்க. பதவியும் சம்பளமும் அப்படியே இருக்கு, அதைத் தொட சக ஜட்ஜுகளுக்கு அதிகாரம் இல்ல.

நிஜமாவே வெளிய அனுப்ப ஒரே வழி இம்பீச்மென்ட். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில குற்றம் சாட்டணும், செனட் மூணுல ரெண்டு பங்கு ஓட்டுல தண்டிக்கணும். இத்தனை வருஷத்துல 15 ஃபெடரல் ஜட்ஜுகள் மேல குற்றம் சாட்டி, 8 பேரைத்தான் நீக்கியிருக்காங்க, முதல் ஆள் 1804ல ஜான் பிக்கரிங், கடைசி ஆள் 2010ல தாமஸ் போர்ட்டியஸ். பெரும்பாலும் லஞ்சம், பொய் சாட்சி, வரி ஏய்ப்பு, குடி, இந்த மாதிரி காரணங்களுக்குத்தான். தீர்ப்பு பிடிக்கலங்குறதுக்காக சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் சாமுவேல் சேஸைத் தூக்கப் பாத்தாங்க, 1805ல செனட் விட்டுடுச்சு, அன்னிலேர்ந்து தீர்ப்புக்காக இம்பீச்மென்ட் இல்லங்குறது வழக்கமாயிடுச்சு. 2025 மார்ச்ல போஸ்பெர்க்கை இம்பீச் பண்ணுங்கனு ட்ரம்ப் சொன்னப்ப சீஃப் ஜஸ்டிஸ் ராபர்ட்ஸ் அன்னிக்கே அறிக்கை விட்டு ஞாபகப்படுத்தினது இதைத்தான்: தீர்ப்பு பிடிக்கலேன்னா அப்பீல் போங்க.

இம்பீச்மென்ட் முடியாம ஜெயிலுக்குப் போனாக்கூட பதவி போகாது. நெவாடா ஜட்ஜ் ஹேரி க்ளேபோர்ன் வரி ஏய்ப்புல தண்டனை வாங்கி 1986ல உள்ள போனார், ராஜினாமா பண்ணமாட்டேன்னுட்டார், அந்த வருஷம் அக்டோபர்ல செனட் நீக்குற வரைக்கும் ஜெயில்ல இருந்தபடியே ஜட்ஜ் சம்பளம் வாங்கினார். நீக்கினதுக்கு அப்புறம் வேற பதவிக்கு வரக்கூடாதுனு தடை போட செனட்டுல தனியா இன்னொரு ஓட்டு எடுக்கணும். ஃப்ளோரிடா ஜட்ஜ் அல்சி ஹேஸ்டிங்ஸை 1989ல லஞ்ச விவகாரத்துல நீக்கினப்ப அந்த ஓட்டை எடுக்காம விட்டுட்டாங்க. அவர் 1992ல எலெக்ஷன்ல நின்னு, தன்னை இம்பீச் பண்ண அதே பிரதிநிதிகள் சபைக்கு ஜெயிச்சுப் போய், 2021ல இறக்குற வரைக்கும் எம்பியா இருந்தார்.